பொற்காலமும் ஒப்பாரிக் கோச்சியும்

பழைய பாட்டைக் கேட்டுக் கண்கலங்கும் பழக்கம் எந்த ஒரு நாட்டு மக்களுக்கும் தனியுரிமையானதன்று. இளமையிலே செவியில் விழுந்த மெட்டு ஒன்று, முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், எதிர்பாராத இடத்தில் ஒலிக்கும்போது, அறிவு அதனை அளந்து பார்ப்பதற்கு முன்னரே உள்ளம் இளகிவிடுகிறது. இது மனித இயல்பு. இயல்பைக் குற்றம் கூறுவது விமர்சனத்தின் வேலையாகாது. ஆயினும், அந்த இளக்கத்தின் பேரால் ஒரு காலத்தைப் பற்றிய தீர்ப்பு எழுதப்படுமானால், அத்தீர்ப்பைப் பரிசீலிக்கும் கடமை விமர்சனத்துக்கு உண்டு.

கண்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் தமிழர்களிடையே, ஈழத்துப் பொப் பாடல்களுக்கு இருக்கும் செல்வாக்கை நாம் அனைவரும் அறிவோம். கலியாண வீட்டின் பின்னிரவிலும், கண்டி வீதியில் ஓடும் சுற்றுலா பஸ்ஸிலும் அப்பாடல்கள் ஒலித்தவுடன் நரைத்த தலைகள் ஆடத் தொடங்குகின்றன, கைகள் தாளமிடுகின்றன. அதில் குறை காண நாம் முன்வரவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் பேச்சு தொடங்குகிறது. “அது ஒரு பொற்காலம். சிங்களவனும் தமிழனும் ஒரே பாட்டைப் பாடிக் கொண்டாடிய காலம். கவலையில்லாத காலம்.” இந்தப் பேச்சைத்தான் இங்கே ஆராய எண்ணுகிறோம். அது யாருடைய பொற்காலம்? கவலையில்லாமல் இருந்தவர் யார்?

இக்கேள்விக்கு விடை தேடுமுன், அப்பாடல்களின் தகுதியை நேர்மையுடன் ஒப்புக்கொள்வது அவசியம்.

ஈழத்துத் தமிழ் ரசிகனின் செவியை நெடுங்காலம் ஆண்டது கோடம்பாக்கமே. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, 1950-இல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அந்த வெற்றிடத்தை நிரப்பிற்று. தென்னிந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்தது. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து புகழ் பெற்றது. ஆனால் குரல் நம்முடையதாக இருந்ததே தவிர, பாட்டு நம்முடையதாக இருக்கவில்லை. கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒலியில் பெரும்பகுதி, சென்னையில் பதிவாகி இங்கு வந்து, மீண்டும் சென்னைக்கே சென்ற ஒலிதான்.

இந்நிலையில்தான் பொப் பாடல் தோன்றிற்று. அது வானத்திலிருந்து குதித்ததன்று. போர்த்துக்கேயர் ஆட்சியின் எச்சமாகக் கரையோரத்தில் வாழ்ந்த கபிரிஞ்ஞாவும், அதன் வழியில் வொலி பஸ்தியன் வளர்த்தெடுத்த பைலாவும், 1960-களில் கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்களைக் கவர்ந்த கலிப்ஸோவும் அதற்கு முன்னோடிகள். சிங்களத்திலே, 1943-இல் ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மின் கிற்றாருக்குரிய ஒரு புதிய பாணியை உருவாக்கினார். தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் முன்னணியில் நின்றனர்.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். மாமி மகளை விசாரித்து வரும் இளைஞனின் குறும்பு. அதற்கு மேல் அதில் தத்துவம் எதுவுமில்லை. ஆனால் அதில் வரும் மாமி கோடம்பாக்கத்து மாமியல்லள். அவள் யாழ்ப்பாணத்து வேலிக்குள்ளே வாழ்பவள். அந்த மண்ணின் பேச்சையே பேசுபவள். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற பாடல், குடியின் கேட்டை மேடைப் பிரசங்கத்தின் கடுமையின்றிச் சொல்லிற்று. தன் வாயில் வழங்கும் சொற்களே பாட்டாவதற்குத் தகுதியுடையவை என்பதை ஈழத்து இளைஞன் முதன்முதலாக ஒரு கேளிக்கைப் பாட்டிலே கண்டான். மொழி பற்றிய தாழ்வுணர்ச்சி அகல்வது சிறிய காரியமன்று.

காலமும் இதற்குத் துணை செய்தது. 1970-இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திற்று. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்நாட்டு எழுத்துக்கும், நூல் வெளியீட்டுக்கும், திரைப்பட முயற்சிகளுக்கும், பாட்டுக்கும் ஒரு சிறு இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில் முளைத்த செடிகளுள் ஒன்றே பொப் பாடல். எனவே இதனை ‘மலிவான கூத்து’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. மக்கள் விரும்பிப் பாடிய ஒன்றை, ஏன் விரும்பினர் என்று ஆராயாமல் ஒதுக்கும் விமர்சனம், மக்களையே ஒதுக்கும் விமர்சனமாகிவிடும்.

இத்தகுதிகளை ஒப்புக்கொண்ட பின்னர், பொற்காலம் என்ற தீர்ப்புக்கு வருவோம்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்பவர் கடுகண்ணாவைக் கணவாயை ஏறிக் கடந்ததும் அடைவது பிலிமத்தலாவை. வீதியோரத்தில் பித்தளைப் பொருட்கள் மின்னும் கடைகள். சற்று உள்ளே, 14-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் சிற்பியின் கைவண்ணத்தில் எழுந்த கடலாதெனிய விகாரை. 1963 முதல் சிங்களத்திலும் தமிழிலும் சமயக் கல்வி புகட்டிவரும் இலங்கை இறையியற் கல்லூரி. இரு மொழியும் இரு மரபும் கலந்து வாழ்ந்ததற்கு இவ்வூரில் சான்றுகள் குறைவில்லை. பொற்காலம் பேசுவோர் இச்சான்றுகளை எடுத்துக்காட்டவும் கூடும். ஆனால் இவ்வூரில் இன்னொரு சான்றும் உண்டு. அது புகையிரதப் பாதை.

பதுளை, ஹற்றன், நாவலப்பிட்டி வழியாக வரும் பாதையும், மாத்தளை, கண்டி வழியாக வரும் பாதையும் பேராதனையில் ஒன்று கூடுகின்றன. அங்கிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் ஒவ்வொரு புகைவண்டியும் பிலிமத்தலாவையைக் கடந்தே கடுகண்ணாவைக்குச் செல்ல வேண்டும், பின்னர் பொல்காவலையில் வடக்கே திரும்பினால் தலைமன்னார், அக்காலத்தில் தலைமன்னாரில் கப்பல் இருந்தது, கப்பலின் மறுமுனையில் இராமேஸ்வரம். இந்தப் பாதையின் வழியாகத்தான், பொப் பாடல்கள் புகழின் உச்சியில் இருந்த அதே ஆண்டுகளில், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர்.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒக்டோபர் 30-இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 மனிதர்களைப் பண்டங்களைப் போலப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசிக்கொள்வதற்கு. 1974-இல் அந்த மீதியும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்பங்கீட்டில் தாய் ஒரு பங்கிலும் மகள் மறு பங்கிலும் விழுந்த குடும்பங்கள் உண்டு. புகையிரத நிலையங்களில், செல்பவர்களும் நிற்பவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, இழவு வீட்டிற் போல ஒப்பாரி வைத்தனர். மலையக மக்கள் அந்த வண்டிக்கு இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு இப்பெயரையே சூட்டியிருக்கிறார். கோப்பிக் காலத்தில் இவர்களுடைய முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காடு வழியே கால்நடையாக நடந்து வந்தனர். பாதி வழியில் செத்தவர்கள் போக எஞ்சியவர்கள் மலையை வளமாக்கினர். பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்குப் புகைவண்டி கிடைத்தது. நாடு கண்ட முன்னேற்றம் இது!

வேறு கணக்குகளும் உண்டு. 1971-இல் சிங்கள இளைஞரின் கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுப் பற்றாக்குறை நாட்டை வாட்டிற்று. பட்டினி தோட்டங்களையே கொடுமையாகத் தாக்கி, அங்கு மரணங்களைப் பெருக்கிற்று. 1977 ஓகஸ்டில் இனவெறி மலைநாட்டு லயங்களையும் விட்டு வைக்கவில்லை. தப்பியோடிய தொழிலாளர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினர். இவையெல்லாம் பொற்காலத்துக்கு வெளியே நடந்தவை அல்ல. பாட்டு ஒலித்த அதே காற்றிலேதான் அழுகையும் ஒலித்தது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: “கேளிக்கைப் பாட்டிடம் சமுதாய வரலாற்றை எதிர்பார்ப்பது முறையா? ஆடுவதற்கென்று பிறந்த பாட்டு எப்படி அழும்?” நியாயமான கேள்வி. இதற்கு விடை காண்பதற்குப் பிற நாட்டு அனுபவம் ஒன்றை நோக்குவது பயன் தரும். அந்நாடு யப்பான். 1955-இல் சோனி நிறுவனம் ட்ரான்ஸிஸ்டர் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், உலகெங்கும் இளைஞர் கைகளில் பாட்டை ஏந்திக் கொடுத்தவர்களுள் யப்பானியர் முதன்மையானவர்கள். 1977-க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தபோது நம் கடைகளை நிரப்பிய ஒலிநாடாக் கருவிகளிலும் யப்பானியப் பெயர்களே மின்னின. அதே யப்பானியர், தம் இளமைக்காலப் பாட்டுகளை எவ்வாறு நினைவுகூர்கின்றனர்?

பழைய பாட்டின் ஏக்கத்துக்கென்றே அவர்கள் மொழியில் ஒரு தனிச் சொல் உண்டு: ‘நட்சுமெரோ’. நினைவை வருடும் மெட்டு என்பது அதன் பொருள். அவ்வாறு நினைவுகூரப்படும் பாடல்களுள் ஒன்று, இஸாவா ஹச்சிரோ 1964-இல் பாடிய ‘ஆ, உவெனோ நிலையம்’. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பிறந்த ஆண்டில் பிறந்த பாட்டு இது. உவெனோ என்பது தோக்கியோவின் வடவாயில் போன்ற புகையிரத நிலையம். 1954 முதல் 1975 வரை, வடகிழக்கு யப்பானின் வறிய கிராமங்களிலிருந்து, பதினைந்து வயதில் பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் சிறப்பு வண்டிகளில் ஏற்றப்பட்டு, தலைநகரின் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கொண்டுவரப்பட்டனர். மலிவான உழைப்பைத் தேடிய முதலாளிகள் அவர்களைப் ‘பொன் முட்டைகள்’ என்று அழைத்தனர். தாயைப் பிரிந்து வந்திறங்கிய அப்பிள்ளைகளின் நிலையமே அப்பாட்டின் பொருள். இன்று அந்நிலையத்தின் அருகில் அப்பாட்டுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. முதுமையடைந்த தொழிலாளி ஒருவர் அதன் முன் நின்று கண்கலங்கும்போது, அந்தக் கண்ணீரில் வரலாறு இருக்கிறது.

உலகம் முழுவதும் பரவிய இன்னொரு யப்பானியப் பாட்டு, 1961-இல் சகமோத்தோ கியூ பாடியது. நிமிர்ந்து பார்த்து நடப்போம் என்பது அதன் தலைப்பின் பொருள். 1960-இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து யப்பானிய மக்கள் நடத்திய மாபெரும் போராட்டம் தோல்வியுற்றது. அந்தத் தோல்வியின் வேதனையிலிருந்தே கவிஞர் ஏய் ரொக்குசுக்கே இப்பாட்டை எழுதினார். 1963-இல் இது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆனால் மேனாட்டு வர்த்தகர்கள் அதற்கு இட்ட பெயர் என்ன? ‘சுக்கியாக்கி’. அது ஓர் இறைச்சிக் குழம்பின் பெயர்! மக்களின் கண்ணீரைச் சாப்பாட்டுப் பெயரிட்டு விற்ற இந்தக் கூத்தைவிடப் பொருள் நிறைந்த எடுத்துக்காட்டை நாம் காண்பது அரிது. மெட்டு எஞ்சிற்று, அது பிறந்த காரணம் கழன்று விழுந்தது.

இவ்விரு பாட்டுகளும் நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. வர்த்தகப் பாட்டுக்குள்ளும் உழைக்கும் மனிதனின் பயணம் இடம் பெற முடியும் என்பது முதலாவது. இடம் பெற்ற பின்னரும், கேட்பவனின் மறதி அதனை வெளியே தள்ளிவிட முடியும் என்பது இரண்டாவது. யப்பானியப் பாட்டைத் தலையில் வைத்துக் கூத்தாடவும் நாம் விரும்பவில்லை. பிள்ளைகளின் ஏக்கத்தையே இசைத்தட்டாக்கி அப்பிள்ளைகளின் சொற்பக் கூலியிலிருந்தே காசாக்கிய தொழில் அது. கூலியை உயர்த்தாமல் கண்ணீரை மட்டும் துடைத்துவிட்ட ஆறுதல் அதில் உண்டு. இருந்தபோதிலும், அத்தொழிலாளி அப்பாட்டில் தன் முகத்தைக் கண்டான்.

நம்முடைய பொப் பாட்டில் ஒப்பாரிக் கோச்சி ஏன் ஏறவில்லை? பாடகர்களின் மனக்கடினம் இதற்குக் காரணமன்று. தனிமனிதர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எளிது. அதனால் எதுவும் விளங்காது. சமுதாய அமைப்பிலேதான் காரணத்தைத் தேடவேண்டும். யப்பானிய கிராமத்துப் பிள்ளை வறியவனே ஆயினும் அந்நாட்டின் குடிமகன். நகரத்தில் கூலி பெற்று, அக்கூலியில் இசைத்தட்டு வாங்கக் கூடியவன். எனவே அவனுடைய கண்ணீருக்குச் சந்தையில் விலை இருந்தது. மலையகத் தொழிலாளியோ வாக்குரிமையும் குடியுரிமையும் பறிக்கப்பட்டவன். அரசியலில் அவனுக்கு எண்ணிக்கை இல்லை. சந்தையிலும் அவனுக்கு எண்ணிக்கை இல்லை. பொப் பாட்டின் மேடை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த மத்தியதர வர்க்கத்தின் மேடை. அந்த மேடைக்கும் லயத்துக்கும் இடையே கடுகண்ணாவைக் கணவாயைவிடச் செங்குத்தான ஒரு மலை நின்றது. தமிழ் ஒன்றாயினும் வர்க்கம் இரண்டு.

அதனால் தொழிலாளி பாட்டற்று இருந்தானா? இல்லை. தாலாட்டும், தெம்மாங்கும், ஒப்பாரியும், கங்காணியின் கொடுமையைக் கேலி செய்யும் பாட்டும் அவன் வாயில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றை ஓடியோடித் திரட்டி நூலாக்கியிராவிட்டால் பெரும்பகுதி மண்ணோடு மண்ணாகியிருக்கும். அப்பாட்டுகளுக்கு மின் கிற்றார் இல்லை. வானொலி நேரம் இல்லை. ஏக்கத்தோடு நினைவுகூரும் ரசிகர் கூட்டமும் இல்லை. ஏன்? அவற்றைப் பாடியவர்களில் பலர் கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்டுவிட்டனர்.

அப்பால் சென்றவர்களின் கதியையும் சிந்திக்க வேண்டும். சிங்களப் பைலாவின் சாயலில், மீன் விற்பவனின் குரலோடு பிறந்த ‘சுராங்கனி’ என்ற பாட்டு, மனோகரனின் வாயிலாகத் தமிழகத்திலும் பரவி, 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற திரைப்படத்திலும் இடம்பெற்றது. தமிழகம் அவரைச் ‘சிலோன் மனோகர்’ என்று கொண்டாடிற்று. 2018-இல் சென்னையில் அவர் மறைந்தபோதும் அப்பெயரோடுதான் நினைவுகூரப்பட்டார். அதே ஆண்டுகளில், அதே தமிழகத்தின் நீலகிரியில், தாயகம் திரும்பியோர்க்கென அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களுக்கும் ஒரு பெயர் வழங்கிற்று: ‘சிலோன்காரன்’. பாடகனுக்குச் ‘சிலோன்’ என்ற சொல் பட்டமாயிற்று; தொழிலாளிக்கு அதே சொல் சூடாயிற்று. இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்ற ஏச்சைக் கேட்டவன், இந்தியாவில் ‘சிலோன்காரன்’ என்ற ஏச்சைக் கேட்டான். ஒரே சொல்லுக்கு இரு விலை இருந்ததென்றால், அதை நிர்ணயித்தது சொல்லன்று, சொல்லப்பட்டவனின் நிலையே.

ஆகவே, பொற்காலம் என்ற தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. இரு இனத்தவரும் ஒரு மெட்டுக்கு ஆடியது உண்மை. அந்த உண்மையை மதிக்கிறோம். இனவெறியர் மறைக்க விரும்பும் உண்மை அது. சிங்களப் பாட்டைத் தமிழனும் தமிழ்ப் பாட்டைச் சிங்களவனும் தயக்கமின்றிப் பாடக்கூடிய ஒரு பொதுவாழ்வு இந்நாட்டில் முளைவிட்டிருந்தது என்பதற்கு அப்பாடல்கள் சாட்சியாகும். ஆனால் அந்தப் பொதுவாழ்வின் பந்தியில் எல்லோருக்கும் இலை போடப்படவில்லை. இலை கிடைக்காதவர்களை மறந்துவிட்டு விருந்தின் சுவையை மட்டும் பேசுவது, பழைய அநீதிக்கு இரண்டாம் முறை கைச்சாத்திடுவதாகும்.

2003-இல் நிறைவேறிய சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கிற்று. 1948-இல் பறிக்கப்பட்டது திரும்பி வர 55 ஆண்டுகள் பிடித்தன. சட்டம் கொடுத்த இடத்தை நினைவும் கொடுக்கவேண்டும். ஒருவன் வாக்காளர் இடாப்பில் பெயர் பெற்றும், நாட்டின் நினைவில் பெயர் பெறாவிட்டால், அவனுடைய குடியுரிமை பாதியே.

இதற்காகப் பழைய பாட்டுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டுமென்று நாம் கூறவில்லை. அவை நம் மக்களின் செல்வம். அவற்றைப் பாடியவர்கள், இசைத்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் பற்றிய ஒழுங்கான வரலாறு எழுதப்படவேண்டும். சிதறிக் கிடக்கும் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் அழியுமுன் திரட்டப்படவேண்டும். அதே முயற்சியில், அதே சிரத்தையோடு, புகையிரத நிலையங்களில் ஒலித்த ஒப்பாரிகளும் திரட்டப்படவேண்டும். அவற்றைச் சிறுவயதில் கேட்டவர்கள் இன்று கண்டியிலும், ஹற்றனிலும், கோத்தகிரியிலும், கூடலூரிலும் முதியவர்களாக வாழ்கின்றனர். பாட்டனும் பாட்டியும் பாடியதை ஒலிப்பதிவு செய்ய இன்று ஒவ்வோர் இளைஞன் கையிலும் கருவி இருக்கிறது. தேவைப்படுவது பொறுமையும், கேட்கவேண்டும் என்ற எண்ணமுமே. பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை; ஓர் ஊரின் வாசிகசாலை, ஒரு தோட்டத்துப் பாடசாலை, ஒரு தொழிற்சங்கக் கிளை இதனைத் தொடங்கிவிடலாம்.

இரண்டு ஒலிகளும் ஒரே காலத்தின் ஒலிகள். கிற்றாரின் துள்ளலை மட்டும் கேட்பவன் பாதிக் காலத்தையே கேட்கிறான். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் ஒரு தலைமுறை உருவாகுமானால், அது தன் இளமைக்காலத்தை எண்ணி ஏங்கும் நாளில், அந்த ஏக்கம் பொய் சொல்லாது.